ஓவியத்துக்கு ஒன்பதரைக் கோடி, கால்வாய்க் கரைக்கு எவ்வளவு?

2025ஆம் ஆண்டின் முதல் நாள். வடமேற்கு இங்கிலாந்தில் விடாமல் கொட்டித் தீர்த்தது மழை. செஷயர் பகுதியில் டன்ஹாம் மாஸி என்ற பழைய பிரபு மாளிகைக்கு அருகே, போலின் என்ற சிற்றாற்றைக் கடப்பதற்காக உயர்த்திக் கட்டப்பட்டிருந்த கால்வாய்க் கரை உடைந்தது. கரைமேல் போன நடைபாதையும் அதோடு சேர்ந்து சரிந்தது. கால்வாயில் நின்ற தண்ணீரெல்லாம் கீழே இருந்த வயல்களில் பாய்ந்தது. இரண்டு பக்கமும் அடைப்புப் பலகைகளை இறக்கி மிச்சத் தண்ணீரை நிறுத்துவதற்குள், கணிசமான தூரத்துக்குக் கால்வாய் சேறாகிவிட்டது. நிறுத்தி வைத்திருந்த படகுகள் சில சேற்றில் சாய்ந்து கிடந்தன.

மழைக்கு ஒரு கரை உடைவது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஆனால், உடைந்தது பிரிட்ஜ்வாட்டர் கால்வாய். 1761இல் முதல் படகு ஓடிய இந்தக் கால்வாயைத்தான் இங்கிலாந்தின் பள்ளிப் பாடநூல்கள் தொழிற்புரட்சியின் நரம்பு என்று கொண்டாடுகின்றன. மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓல்ட் டிராஃபோர்டு கால்பந்து மைதானத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும் நம் ஊர் ரசிகர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த அரங்கின் முதுகை ஒட்டி ஓடுவதும் இதே கால்வாய்தான். பாரம்பரியம் என்று ஒரு தேசம் மார்தட்டிக்கொள்ளும் ஒன்றை, தண்ணீர் வடியாமல் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? செலவு யாருடையது? அந்த உடைப்பு எழுப்பிய கேள்விகள் இவை. பதில் தேட இரண்டரை நூற்றாண்டு பின்னே போக வேண்டும்.

பிரான்சிஸ் எகர்ட்டன் 1736இல் பிறந்தவர். பதினொரு வயதில், அண்ணனும் இறந்துபோக, மூன்றாம் பிரிட்ஜ்வாட்டர் டியூக் ஆனார். பிரபு வீட்டுப் பிள்ளைகளை ஐரோப்பாச் சுற்றுப்பயணம் அனுப்புவது அக்கால வழக்கம். அப்படிப் போனவர் பிரான்சில் மிடி கால்வாயைக் கண்டார். பியர் பால் ரிக்கே திட்டமிட்டு 1681இல் திறக்கப்பட்ட அந்த 240 கிலோமீட்டர் கால்வாய் இளைஞரின் மனத்தில் தங்கிவிட்டது. லண்டன் திரும்பியவர், அழகுக்குப் பேர்போன எலிசபெத் கன்னிங்கை மணக்க நிச்சயித்தார், அது முறிந்தது. அதோடு லண்டனை உதறிவிட்டு லங்காஷயரில் தன் வொர்ஸ்லி பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. காதல் தோல்வியில் பிறந்த கால்வாய் என்று எழுதுவதில் ஆங்கிலேய எழுத்தாளர்களுக்கு அலாதிப் பிரியம். உண்மையில் அவரை அங்கே இழுத்தது நிலக்கரி.

வொர்ஸ்லியில் நிலத்தடியில் நிலக்கரி நிறைய இருந்தது. பதினாறு கிலோமீட்டருக்குள் மான்செஸ்டர் இருந்தது; அங்கே அடுப்பெரிக்கவும் சாயப்பட்டறைகளுக்கும் நிலக்கரி தேவைப்பட்டது. இடையில் தடை இரண்டு. ஒன்று, வெட்ட வெட்டச் சுரங்கத்தில் ஊறிய தண்ணீர். மற்றது, போக்குவரத்து. ஒரு பொதிக் குதிரை ஏறக்குறைய நூற்று முப்பது கிலோவைத்தான் முதுகில் சுமக்கும். மழைக்காலத்தில் பாதையே இருக்காது. ஆற்று வழியாகக் கொண்டுபோகலாமென்றால், மெர்சி–இர்வெல் ஆற்றுப் போக்குவரத்து நிறுவனம் சுங்கம் கேட்டது. சுரங்க வாயில் விலையைவிட வழிச்செலவு அதிகம். ஏழை வீட்டில் நிலக்கரி எரிவது அபூர்வம்.

இந்த இரண்டு சிக்கலையும் ஒரே முடிச்சில் அவிழ்த்தவர் டியூக்கின் பண்ணை மேலாளர் ஜான் கில்பர்ட். சுரங்கத்தைக் கெடுக்கும் தண்ணீரை வெளியே கொண்டுவர எப்படியும் ஒரு வடிகால் தோண்டியாக வேண்டும். அந்த வடிகாலையே படகு போகும் அளவுக்கு அகலமாகத் தோண்டினால் என்ன? வெளியே வரும் அதே தண்ணீரைக் கொண்டு மான்செஸ்டர் வரை ஒரு கால்வாய் ஓட்டினால் என்ன? சுரங்கத்துக்குள் ஏற்றிய நிலக்கரியை நகரத்தில்தான் இறக்க வேண்டும்; இடையில் கை மாற்ற வேண்டியதில்லை. கால்வாய்க்கு நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் தீர்ந்தது. யோசனை இவ்வளவுதான். பொறியியல் வரலாற்றில் இதைப்போலக் கச்சிதமான யோசனைகள் குறைவு. பாராட்டு முழுவதும் டியூக்குக்கும், பின்னால் வந்து சேர்ந்த பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லிக்கும் போய்விட்டது. கில்பர்ட்டின் பெயர் அடிக்குறிப்பில் நின்றுவிட்டது.

வொர்ஸ்லியில் 'டெல்ஃப்' என்று ஓர் இடம் இன்றும் இருக்கிறது. பழைய கல் குவாரி. மணற்பாறைச் சுவரின் அடியில் இரண்டு தாழ்ந்த துளைகள். அவற்றின் முன்னே ஒரு குளம். தண்ணீரின் நிறம் செம்மஞ்சள். சுரங்கத்துக்குள்ளிருந்து கசியும் இரும்புத் துரு கலந்த நிறம் அது. அந்தத் துளைகளுக்குப் பின்னால் நிலத்தடியில் நான்கு மட்டங்களில், மொத்தம் சுமார் 74 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்கள் தோண்டப்பட்டன. மேலே வெயிலில் ஓடிய கால்வாயைவிடப் பூமிக்குள் ஓடியது அதிகம். அதில் போன படகுகள் ஒடுங்கி நீண்டவை. விலா மரங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். பெரிய படகில் 12 டன் வரை ஏற்றலாம். கூரை தாழ்வான இடங்களில் ஆட்கள் படகில் மல்லாந்து படுத்து, மேலே பாறையில் காலை உதைத்துப் படகை நகர்த்தினார்கள். உள்ளே மதகுகள் இருந்தன. தண்ணீரைத் தேக்கித் திறந்துவிட்டால் அந்த வேகத்தில் நிறைந்த படகுகள் வரிசையாக வெளியே வந்துவிடும்.

1797இல் இன்னொரு படி மேலே போனார்கள். உயரமான மட்டத்துக் கால்வாயிலிருந்து கீழ்மட்டத்துக்குப் படகையே இறக்க, பூமிக்குள் ஒரு சரிவுப் பாதை. இருப்புப் பாதை மேல் நிலக்கரி நிறைந்த படகு கீழே இறங்கும்போது, அதன் எடையே மறுமுனையில் காலிப் படகை மேலே இழுக்கும். நீராவியோ குதிரையோ வேண்டியதில்லை. அந்த இருட்டுக்குள் இப்படியொரு ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது என்பதை டெல்ஃபின் அமைதியான குளக்கரையில் நிற்கும் சுற்றுலாப் பயணி எளிதில் நம்பமாட்டார்.

வெளிக் கால்வாய்க்கு 1759இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மறு ஆண்டே பாதையை மாற்றி இன்னொரு சட்டம். புதிய பாதை இர்வெல் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றில் இறங்கி ஏறுவதற்குப் பதிலாக, பார்ட்டன் என்ற இடத்தில் ஆற்றுக்கு மேலே தொட்டிப் பாலம் கட்டிக் கால்வாயையே கடத்திவிடலாம் என்றார்கள். மாத்தூர் தொட்டிப் பாலத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. 1760இல் இங்கிலாந்து மிரண்டது. கருத்துக் கேட்கப்பட்ட பொறியாளர் ஒருவர், ஆகாயக் கோட்டை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதைக் கட்டப்போகும் இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நக்கலடித்ததாகச் சொல்வார்கள். பிரிண்ட்லி தச்சுவேலை, ஆலைப்பொறி வேலை பார்த்து வளர்ந்தவர். எழுத்துக்கூட்டி எழுதவே சிரமப்படுவார். நாடாளுமன்றக் குழுவுக்குப் பாலத்தை விளக்க ஒரு பெரிய பாலாடைக்கட்டியை வாங்கி வளைவாகச் செதுக்கிக் காட்டினாராம். தண்ணீர் ஒழுகாதா என்று கேட்டவர்களுக்கு, களிமண்ணையும் மணலையும் குழைத்துக் காட்டினாராம். செங்கல் சூளைக்கு மண் மிதிப்பதுபோல் மிதித்து, அடுக்கடுக்காகப் பூசிய அந்தக் களிமண்தான் கால்வாய் முழுவதையும் ஒழுகாமல் காத்தது. இன்றைக்கும் காக்கிறது.

1761 ஜூலை 17 அன்று பார்ட்டன் பாலத்தில் தண்ணீர் விடப்பட்டது. முன்னதாக நீரேற்றிப் பார்த்த சோதனையின்போது ஒரு வளைவு நெளிந்ததாகவும், பிரிண்ட்லி பதற்றம் தாங்காமல் ஸ்ட்ரெட்ஃபோர்டு சத்திரத்தில் போய்ப் படுத்துக்கொண்டதாகவும், கில்பர்ட் பாரத்தைக் குறைத்துச் சரிசெய்ததாகவும் ஒரு கதை உண்டு. திறப்பு நாளில் பாலம் நின்றது. ஆற்றில் ஒரு படகை ஆட்கள் எதிர்நீரில் சிரமப்பட்டு இழுத்துக்கொண்டிருக்க, பதினோரு மீட்டருக்கு மேலான உயரத்தில் இன்னொரு படகு ஒற்றைக் குதிரையின் பின்னால் நிதானமாகப் போவதைப் பார்க்க ஊரே திரண்டது. பிறகு பல ஆண்டுகள் வெளிநாட்டுக்காரர்களும் வந்து பார்த்தார்கள்.

மான்செஸ்டர் முனையில் காசில்ஃபீல்டு என்ற இடத்தில் கால்வாய் முடிந்தது. நகரமோ மேட்டில் இருந்தது. மேட்டின் மேல் நிலக்கரியைச் சுமந்து ஏற்ற யார் இருக்கிறார்கள்? பிரிண்ட்லி கால்வாயைக் குன்றுக்குள்ளேயே ஒரு சுரங்கமாக நீட்டினார். படகிலிருந்த நிலக்கரிப் பெட்டிகளை, நீர்ச்சக்கரத்தால் இயங்கிய பாரந்தூக்கி நேரே தெருமட்டத்துக்குத் தூக்கியது. தள்ளுவண்டிக்காரர் தெருவில் நின்றபடியே வாங்கிக்கொண்டு போனார். நகரத்தில் நிலக்கரி விலை ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. இதை டியூக்கின் தர்ம குணமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு ஹண்ட்ரட்வெயிட் நிலக்கரியை நான்கு பென்னிக்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டத்திலேயே நாடாளுமன்றம் அவர் கையைக் கட்டியிருந்தது. தனியார் ஒருவருக்கு நிலம் கையகப்படுத்தும் அதிகாரத்தை அரசு கொடுத்தபோது, பதிலுக்குப் பொதுமக்களுக்கு ஒரு விலை உத்தரவாதம் வாங்கியது. இன்றைய ஆட்சியாளர்கள் மறந்துவிட்ட நல்ல பேரம் அது.

1762இல் மூன்றாவது சட்டம். கால்வாயை மெர்சி ஆற்றின் கழிமுகம்வரை நீட்டி லிவர்பூல் துறைமுகத்தோடு இணைப்பது திட்டம். இதில்தான் டியூக் கடனில் மூழ்கினார். வீட்டுச் செலவைச் சுருக்கினார்; குத்தகைக்காரர்களிடம் கைமாற்று வாங்கினார்; 1765இல் லண்டன் சைல்டு வங்கியில் 25,000 பவுண்டு கடன் எடுத்தார். 1776இல் ரன்கார்ன் வரை கால்வாய் முழுமையடைந்தது. வழி நெடுக ஒரே மட்டம். ரன்கார்னில் மட்டும், படகுகளைப் படிப்படியாக இறக்கி ஏற்றும் பத்து லாக்குகள். லிவர்பூலிலிருந்து மான்செஸ்டருக்கு ஒரு டன் சரக்கைச் சாலையில் கொண்டுவர 40 ஷில்லிங், ஆற்றில் 12. டியூக் வாங்கியது 6. பருத்தி மூட்டைகள் இதே வழியில் வந்தன. 1801 கணக்கெடுப்பில் மான்செஸ்டரின் மக்கள்தொகை 70,000ஐத் தாண்டியிருந்தது.

வேலை வாங்குவதில் டியூக் கெட்டிக்காரர். பகல் உணவு முடிந்து தொழிலாளர்கள் தாமதமாக வருவதை ஒருநாள் கேட்டாராம். பன்னிரண்டு அடிப்பது காதில் விழுகிறது, ஒரு மணிக்கு ஒற்றை அடி மட்டுமே என்பதால் விழவில்லை என்றார்கள். அடுத்து அந்தக் கடிகாரம் பகல் ஒரு மணிக்குப் பதின்மூன்று முறை அடித்தது. அது இப்போது வொர்ஸ்லி புனித மாற்கு தேவாலயத்தில் இருக்கிறது.

பிரிட்ஜ்வாட்டருக்குத் தரப்படும் 'முதல் கால்வாய்' என்ற பட்டத்தில் கொஞ்சம் தகராறு உண்டு. அயர்லாந்தில் நியூரி கால்வாய் 1742இலேயே திறந்துவிட்டது. டப்ளினுக்கு நிலக்கரி கொண்டுபோவதுதான் அதன் நோக்கமும். இங்கிலாந்திலேயே செயின்ட் ஹெலன்ஸ் நிலக்கரிக்காக ஹென்றி பெர்ரி வெட்டிய சாங்கி கால்வாய் 1757இல் வேலை செய்யத் தொடங்கியது. நாடாளுமன்ற எதிர்ப்பைத் தவிர்க்க அதை 'ஆறு சீரமைப்பு' என்று சொல்லி அனுமதி வாங்கியதால், புகழ் கிடைக்காமல் போனது. விளம்பரம் டியூக்குக்குக் கைகொடுத்தது என்று சொன்னால் தவறில்லை. ஆயினும் அவருடைய லாபத்தைப் பார்த்துத்தான் நாடெங்கும் ஆட்கள் கால்வாய்ப் பங்குகளை வாங்கக் கிளம்பினார்கள். மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் 1766இல் டிரென்ட்–மெர்சி கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டினார். பொறியாளர் அதே பிரிண்ட்லி. 1790களில் அது ஒரு வெறியாகவே மாறியது.

பாரம்பரியப் பலகைகளில் இடம்பெறாத சிலவும் உண்டு. 1842இல் சட்டம் வந்து பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் சுரங்கத்துக்குள் இறக்கத் தடை விதிக்கும்வரை, லங்காஷயர் சுரங்கங்களில் அவர்கள் நிலக்கரித் தொட்டிகளை இழுத்தார்கள். லிவர்பூலில் இறங்கி இந்தக் கால்வாயில் வந்த பருத்தியில் பெரும்பகுதியைப் பறித்தவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் இருந்த அடிமைகள். அதே பருத்தி மான்செஸ்டர் ஆலைகளில் துணியாகி, 19ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரை நெசவாளர்களின் வெளிநாட்டுச் சந்தையைப் பறித்துக்கொண்டது. பிறகு அவர்கள் ஊர்ச் சந்தைக்கே வந்தது. இந்தக் கணக்கையெல்லாம் சேர்த்துச் சொல்லாமல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் கதை முழுமையாகாது.

டியூக் 1803இல் இறந்தார். கால்வாய் வருமானம் மருமகன் முறை வாரிசான ஸ்டாஃபோர்டு பிரபுவுக்குப் போனது. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை போடப்போகிறார்கள் என்றதும் கால்வாய் நிர்வாகம் நாடாளுமன்றத்தில் மல்லுக்கு நின்றது. அப்புறம் ஸ்டாஃபோர்டே ஒரு லட்சம் பவுண்டுக்கு ரயில் பங்குகளை வாங்கிவிட்டார். 1830இல் ரயில் ஓடியது. கால்வாய் சாகவில்லை; வாடகையைக் குறைத்துப் போட்டி போட்டுப் பல பத்தாண்டு தாக்குப்பிடித்தது. மான்செஸ்டர் கப்பல் கால்வாய் நிறுவனம் அதை 17,10,000 பவுண்டு காசோலை கொடுத்து வாங்கியபோதும் அது லாபத்தில்தான் இருந்தது.

கடற்கப்பல்களை மான்செஸ்டர்வரை கொண்டுவர அந்த நிறுவனம் வெட்டிய கப்பல் கால்வாய் இர்வெல் ஆற்றின் வழியில் வந்ததும் பிரிண்ட்லியின் பார்ட்டன் பாலம் குறுக்கே நின்றது. அடியில் கடற்கப்பல் போக முடியாது. அதை இடித்துவிட்டு, எட்வர்டு லீடர் வில்லியம்ஸ் என்ற பொறியாளர் சுழலும் தொட்டிப் பாலம் ஒன்றை வைத்தார். 72 மீட்டர் நீள இரும்புத் தொட்டி, இரண்டு முனையிலும் கதவுகள். கப்பல் வரும்போது கதவுகளை மூடி, உள்ளே 800 டன் தண்ணீர் நின்றபடியே முழுத் தொட்டியையும், மொத்தம் 1,450 டன் எடையை, பக்கவாட்டில் திருப்புவார்கள். 1894இலிருந்து இருக்கிறது. உலகில் இதைப்போல வேறொன்று கிடையாது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1761இன் கல் பாலத்தை அவர்கள் காப்பாற்றவில்லை. ஆனால், அதன்மேல் ஓடிய தண்ணீரை ஒருபோதும் விட்டுவிடவில்லை. புதுப் பாலம் தயாரான பிறகே பழையதை இடித்தார்கள். பாலத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம் என்று அந்த வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

1948இல் பிரிட்டிஷ் அரசு பெரும்பாலான கால்வாய்களைத் தேசியமயமாக்கியது. அவை இன்று, 2012இல் அமைந்த கால்வாய்–ஆறுகள் அறக்கட்டளையின் கையில் இருக்கின்றன; சுமார் 3,200 கிலோமீட்டர். பிரிட்ஜ்வாட்டர் மட்டும் கப்பல் கால்வாய் நிறுவனத்தின் சொத்தாக இருந்ததால் தேசியமயத்திலிருந்து தப்பியது. 'தப்பியது' என்பது அன்றைய பங்குதாரர்களின் பார்வை. இன்று அது பீல் குழுமத்தைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்து. சரக்குப் படகுகள் 1970களின் நடுவில் நின்றுபோயின. 1952 முதல் அனுமதிக்கப்பட்ட உல்லாசப் படகுகளே இப்போது ஓடுகின்றன. நடைபாதையில் நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் படகுக்காரர்களைவிட அதிகம். அவர்கள் யாரும் கட்டணம் செலுத்துவதில்லை. ஆக, கால்வாயால் பயனடைவது ஊர். கரைக்குச் செலவழிக்க வேண்டியது கம்பெனி. இரண்டரை நூற்றாண்டுப் பழைய நிலக்கரி லாபக் கணக்கில் பிறந்த ஏற்பாடு, நிலக்கரியே இல்லாத காலத்தில் தொடர்கிறது.

2025 உடைப்பு புதிதும் அன்று. 1971இல் அதே போலின் ஆற்றருகே கரை உடைந்தது. செப்பனிட இரண்டு ஆண்டு ஆனது. கால்வாயை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அதன் பிறகுதான், 1975இல், கரையோர உள்ளாட்சிகளும் நிறுவனமும் சேர்ந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் அறக்கட்டளை உருவானது. பராமரிப்புச் செலவில் உள்ளாட்சிகளும் ஒரு பங்கு கொடுப்பது என்று ஏற்பாடு. நல்ல தொடக்கம். ஆனால், அன்றாடப் பராமரிப்புக்குப் போதுமான சந்தா ஒன்று, முழுக்கரை இடிந்தால் தாங்குமா?

இந்த இடத்தில் ஓவியங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூக்களையே விரும்பாதவர், கையில் பிரம்பிருந்தால் பூந்தலையை வெட்டிவிட்டுப் போவார் என்று கேலி செய்யப்பட்ட அந்த டியூக், கடைசிக் காலத்தில் ஓவியம் வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் ஆர்லியன்ஸ் கோமகனின் ஓவியத் தொகுப்பு விற்பனைக்கு வர, 1798இல் இரண்டு உறவினர்களோடு சேர்ந்து 43,000 பவுண்டுக்கு அதன் இத்தாலிய, பிரெஞ்சுப் படங்களை வாங்கினார். சிறந்தவற்றைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு மீதியை விற்றுக் காசாக்கினார்கள். நிலக்கரிக் காசில் வந்த அந்தச் சிறந்தவற்றில் டிஷியன் வரைந்த இரண்டு டயானா ஓவியங்கள் உண்டு. அவை வாரிசுகளின் சொத்தாகவே தொடர்ந்தன. 1945 முதல் எடின்பரோ தேசிய ஓவியக்கூடத்தில் இரவலாகத் தொங்கின. வாரிசு விற்க முடிவெடுத்ததும் நாடே பதறியது. லண்டன், ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடங்கள் சேர்ந்து ஒன்றை 2009இல் 5 கோடி பவுண்டுக்கும், மற்றதை 2012இல் 4.5 கோடி பவுண்டுக்கும் வாங்கின. அரசு நிதி, லாட்டரி நிதி, நன்கொடை எல்லாம் திரண்டன.

ஓவியம் வாங்கியது தவறென்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிஷியன் டிஷியன்தான். ஆனால், சம்பாதித்த கால்வாய்க்கு இல்லாத பாதுகாவலர்கள், அது வாங்கிக் கொடுத்த படங்களுக்குக் கிடைத்தார்கள் என்பது இடறுகிறது. சுவரில் மாட்டக்கூடிய பாரம்பரியத்துக்குப் பணம் கிடைப்பது எளிது. வாங்குகிற நாளில் புகைப்படம் எடுக்கலாம். பிறகு ஈரப்பதம் பார்த்துக்கொண்டால் போதும். கால்வாய் அப்படியல்லவே. வருஷா வருஷம் தூர்வார வேண்டும், மரவேர் புகுந்த கரையை வெட்டிக் களிமண் நிரப்ப வேண்டும், மதகைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். இதில் திறப்பு விழாவே கிடையாது.

காசில்ஃபீல்டை 1982இல் பிரிட்டனின் முதல் நகர்ப்புறப் பாரம்பரியப் பூங்காவாக அறிவித்தார்கள். சிதைந்து கிடந்த கிடங்குகள் அடுக்குமாடி வீடுகளாகவும் மதுக்கூடங்களாகவும் மாறின. மனை மதிப்பு ஏறியது. கால்வாய்த் தண்ணீரைக் காட்டித்தான் அங்கே வீடு விற்கிறார்கள். அந்தத் தண்ணீர் வந்து சேர்வதற்குக் காரணமான, பல கிலோமீட்டர் தள்ளி வயல்காட்டில் நிற்கும் கரைக்கு, ஏறிய மனை மதிப்பிலிருந்து ஒரு பங்கு போக வேண்டாமா?

தனியார் நிறுவனத்தின் சொத்தைச் செப்பனிட மக்கள் வரிப்பணம் எதற்கு என்ற எதிர்வாதம் வலுவானது. கம்பெனி லாபம் பார்க்கும், கரை உடைந்தால் அரசிடம் கை நீட்டும் என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். அதற்காக, கம்பெனியே முழுவதையும் தாங்கட்டும் என்று விட்டால், வருமானமில்லாத ஒரு சொத்தை எந்த நிறுவனமும் முடிந்தவரை குறைந்த செலவில்தான் ஓட்டும். வழி நடுவில் இருக்கிறது: பொதுப்பணம் எவ்வளவு போகிறதோ அவ்வளவுக்குப் பொது உரிமை. செப்பனிடும் செலவில் அரசு ஒரு பங்கு கொடுத்தால், நிர்வாகத்தில் அந்தப் பங்குக்கு ஏற்ற இடத்தைப் பிரிட்ஜ்வாட்டர் அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். 1759இல் நாடாளுமன்றம் டியூக்கிடம் விலை உத்தரவாதம் வாங்கியதுபோல, இப்போது பராமரிப்பு உத்தரவாதம் வாங்கலாம். அறக்கட்டளையிடம் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. தேசியமயக் கால்வாய்களை நடத்தும் அறக்கட்டளைக்கான அரசு மானியமே 2027 முதல் ஆண்டுக்காண்டு குறையப்போகிறது.

தமிழ் வாசகருக்கு இதில் பாடம் சொல்ல ஒன்றுமில்லை; அறிந்த கதைதான். இங்கிலாந்துக் கால்வாய் மோகம் கம்பெனி ஆட்சியோடு சென்னைக்கும் வந்தது. பசில் காக்ரேன் என்ற வியாபாரி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர்வரை வெட்டிய கால்வாயே பிறகு அரசு கைக்குப் போய், 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களின் உழைப்பில் அடையாறு–கூவம் இணைப்பும் பெற்று, அப்போதைய ஆளுநரான வேறொரு டியூக்கின் பெயரில் பக்கிங்காம் கால்வாய் ஆனது. ரயிலைவிடக் கால்வாயே இந்தியாவுக்கு ஏற்றது என்று நீர்ப்பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் லண்டன்வரை வாதாடினார். விறகும் உப்பும் சுமந்த அந்தக் கால்வாய் 1960களின் புயல்களில் சேதமானது. பிறகு அதன் நடுவிலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். 2008இல் அதைத் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவித்தார்கள். அறிவிப்புக்கும் மராமத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைச் சென்னைவாசிக்கு விளக்க வேண்டியதில்லை. குடிமராமத்து என்ற ஏற்பாட்டை ஒரு காலத்தில் நடத்திய ஊர் இது. கரையால் பயன்பெறுகிறவர்கள் கரையைக் காக்கிறார்கள் என்பது அதன் கணக்கு. மான்செஸ்டருக்கும் அந்தக் கணக்குதான் பொருந்தும்.

ரன்கார்னில் கடைசியாக இயங்கிய லாக்குகள் 1960களில் மூடப்பட்டன; அப்போது புதிதாகக் கட்டிய மெர்சி பாலத்துக்கான சாலைகள் அவற்றின் வழியை மறித்தன. அவற்றை மீட்க ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக இயக்கம் நடத்துகிறார்கள். அந்தக் கனவு நனவாக வேண்டும். ஆனால், அதற்கு முன் கையிலிருக்கும் கால்வாய் ஒழுகாமல் இருக்க வேண்டும். போலின் கரைபோல உயர்த்திக் கட்டிய கரைகள் எத்தனை, ஒவ்வொன்றின் நிலை என்ன, கடைசியாக யார் எப்போது சோதித்தார்கள் என்ற அறிக்கையை ஆண்டுதோறும் கரையோர ஊர் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். உள்ளாட்சிகள் தங்கள் அடுத்த தவணைச் சந்தாவைக் கட்டும் முன், அறக்கட்டளைக் கூட்டத்தில் இதை நிபந்தனையாக முன்வைக்கட்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.